வாய்விட்டுச் சொல்லாத மருந்து

ஊருக்குத் திரும்பிப் போகிறோம் என்று பதிந்துவிட்டு வந்த நாளிலிருந்து இந்தியாவில் நாங்கள் இருந்த அகதி முகாமில் எங்களுக்கு ஒரே கதைதான்: எதைக் கொண்டுபோகலாம், எதைக் கொண்டுபோகக் கூடாது. சண்டை முடிந்து அதிக காலம் ஆகவில்லை. எங்களுக்கு முன்னால் மன்னாருக்குப் போனவர்கள் தொலைபேசியில் சொன்னதும் சொல்லாததும் குழாயடியில் கலந்து, கடைசியில் அது ஒரு சட்டமாகவே ஆகிவிட்டது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் தலைகீழாகக் கொட்டித்தான் பார்ப்பார்களாம். டோர்ச் பற்றரி கூடாதாம். வயர்த் துண்டு கூடாதாம். பெயர் ஒட்டாத மாத்திரை கண்டால் ஆளைத் தனியே கூட்டிக்கொண்டு போவார்களாம்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எங்கள் கரையில் வளர்ந்தவர்களுக்கு மருந்து என்பது சோதனைச் சாவடியில் மறித்து எடுக்கிற சாமான். காய்ச்சல் மாத்திரை அளவுக்கு மேல் வைத்திருந்தால் அது ஆருக்கு, இயக்கத்துக்கோ என்று கேள்வி வரும். என் கணவரின் கூட்டாளி ஒருவர் அப்படி ஒரு மருந்துப் பொதியோடு பிடிபட்டவர், திரும்பி வரவேயில்லை. “அவன் கொண்டுபோனது தாய்க்கு” என்பார் கணவர். அதற்கு மேல் அந்தக் கதையை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

என்னிடம் ஒரு டின் நிறைய மாத்திரை இருந்தது. முகாமுக்குப் போன புதிதில் எனக்கு முட்டு வருத்தம் பிடித்தது. மழை தொடங்கினால் மூச்சு முட்டி நெஞ்சு இழுக்கும், படுக்க முடியாது, சுவரில் சாய்ந்தபடிதான் நித்திரை. சந்தியில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர் தாளில் மடித்து மூன்று விதமான மாத்திரை தருவார். அதில் சின்னஞ்சிறிய வெள்ளை மாத்திரைதான் வேலை செய்கிறது என்று நானாகவே கண்டுபிடித்து, பிறகு அதை மட்டும் வாங்கத் தொடங்கினேன். முட்டு போனது. முழங்கால் நோவும் போனது. பசி பிடித்துக்கொண்டது. கன்னம் உருண்டு, முகம் பூரித்து, முகாமிலேயே என்னைப் பார்த்து, “இந்த ரேசன் அரிசி உனக்கு மட்டும் எப்பிடியடி ஒட்டுது?” என்று கேட்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த மாத்திரையின் பெயரை நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. வருடக்கணக்காகக் காலைத் தேநீரோடு அதையும் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

புறப்பட முதல்நாள் பின்னேரம் கணவர் டின்னைத் திறந்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“இதின்ர பேர் என்ன?”

“தெரியாது.”

“அங்க கேட்டாங்களெண்டால் இதைத்தான் சொல்லப்போறியோ?”

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பேசத் தோன்றவில்லை. முட்டுத்தான் இப்போது இல்லையே, ஊர்க்காற்றுப் பட்டால் உடம்பு தானாகத் தேறிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, முகாமுக்குப் பின்னால் ஓடுகிற கழிவு வாய்க்காலில் டின்னைக் கவிழ்த்தேன். வெள்ளை வெள்ளையாகக் கொஞ்ச நேரம் மிதந்துவிட்டுக் கரைந்து போயின.

கட்டுநாயக்காவில் எங்கள் பெட்டியை ஒருவரும் திறக்கவில்லை. கடவைச்சீட்டு பார்க்கிற இடத்தில் இருந்தவர் தமிழில் வணக்கம்கூடச் சொன்னார்.

பள்ளிமுனையில் எங்கள் வீடு இருந்த இடத்தில் சுவர் பாதியும் முளைத்துக் கிடந்த உடைமுள் மரம் பாதியுமாக இருந்தது. அதனால் மச்சாள் வீட்டில் ஒதுங்கினோம். மச்சாள் என்றால் கணவரின் மூத்த அக்கா. கடலுக்குப் போன புருஷன் திரும்பாதவள். நாங்கள் எல்லாரும் வள்ளம் ஏறியபோது, “நான் ஓடமாட்டன், ஆர் வந்தாலும் வரட்டும்” என்று நின்றவள். நின்றவர்களுக்கும் போனவர்களுக்கும் இடையில் எங்கள் ஊரில் வாயால் சொல்லாத ஒரு கணக்கு உண்டு. மச்சாள் அதை வாயாலும் சொல்வாள். “நாங்கள் இஞ்ச ஷெல்லுக்குள்ள கிடக்க, நீங்கள் அங்க இருந்து ரீவி பாத்தனீங்கள்” என்று சோறு போட்டுக்கொண்டே சொல்வாள். சோற்றில் குறை வைக்கமாட்டாள்.

வந்து கொஞ்ச நாளிலேயே உடம்பு என்னை விட்டுப் போகத் தொடங்கியது. வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. காலையில் எழும்பினால் தேநீர்க் கேத்தலைத் தூக்கக் கை வராது. எழுந்து நின்றால் கண் இருட்டும். மூட்டுகள் எல்லாம் அடித்துப் போட்டதுபோல நோகும். எங்கள் காணியைத் துப்புரவாக்க அயலவர்கள் சேர்ந்து சிரமதானம் வைத்த நாளில், அடுத்தவர்கள் எனக்காக உடைமுள் வெட்டிக்கொண்டிருக்க, வீட்டுக்காரி நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிழலில் குந்திவிட்டேன். மச்சாள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

“அகதிக் காசில கதிரையில இருந்து பழகின உடம்பு. குனிய வருமோ?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளே எரிந்தது. நான் முகாமில் வயல் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போனவள் என்று எழுந்து நின்று சொல்ல நினைத்தேன், ஆனால் எழுந்து நிற்க முடியவில்லையே.

பிறகு சத்தி தொடங்கியது. காலையில் எதைக் குடித்தாலும் வெளியே வந்துவிடும். மச்சாள் இரண்டு மூன்று நாள் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள். நாலாம் நாள் என் கையிலிருந்த தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கினாள்.

“நீ வையடி. இனித் தூக்காதை.”

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் ஒன்றும் தங்கவில்லை. அந்தக் குடத்தைப் பிடுங்கிய நாளிலிருந்து மச்சாள் வேறு ஆள் ஆனாள். எனக்கென்று தனியாகப் பாலில் சொதி வைத்தாள். கரையில் நல்ல மீன் வந்தால் முதல் துண்டு எனக்கு. ஒருநாள் கோயிலால் வந்து, முக்காட்டைக் கழற்றாமலே என் பக்கத்தில் உட்கார்ந்து, “மடு மாதாவுக்கு நேர்த்தி வச்சிருக்கிறன். ஆவணித் திருநாளுக்கு நாங்கள் எல்லாரும் போய்க் கொட்டில் போட்டு இருந்து கும்பிட வேணும்” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சந்தேகம் இருந்தது, ஆனால் அந்தச் சொதியும் அந்தக் கண்ணீரும் சேர்ந்து என்னையும் நம்பவைத்துவிட்டன. தனியாக இருக்கும்போது வயிற்றைத் தடவிப் பார்ப்பேன்.

ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் மச்சாள் கிணற்றடிக்குப் போய் மீன்சட்டியைத் தேங்காய்த் தும்பால் உரஞ்சிக்கொண்டே இருந்தாள். நான் பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பின்னேரத்தைப்போல நான் ஒருநாளும் தனித்துப்போனதில்லை.

அதற்குப் பிறகு நான் கிணற்றடியில் விழுந்தேன். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரத்த அழுத்தம் கீழே கிடக்கிறது, சீனியும் குறைவு என்று சொல்லிச் சேலைன் ஏற்றினார்கள். டாக்டர் ஒரு இளம் பெண், பேச்சில் மட்டக்களப்புப் பக்கத்துச் சாயல்.

“இதுக்கு முதல் ஏதும் மருந்து பாவிச்சநீங்களா? ஊசி, மாத்திரை?”

வாட்டு வாசலில் ஒரு பொலிஸ்காரர் கதிரை போட்டு இருந்தார். வேறு யாரோ ஒரு நோயாளிக்குக் காவல். எங்களோடு அவருக்கு ஒரு தொடர்பும் இல்லை. கணவர் அவரைப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்தார்.

“ஒண்டும் பாவிக்கேல்ல டொக்டர்.”

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. சொல்லவேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அது முக்கியம் என்றும் எனக்குத் தெரியாது, எறிந்துவிட்டு வந்த மாத்திரைக்கும் இந்தப் படுக்கைக்கும் தொடர்பு இருக்கும் என்று ஆர் கண்டது? சேலைன் கொஞ்சம் தெம்பு தந்தது. வீட்டுக்கு விட்டார்கள். அந்தக் கிழமை முடியமுதல் மறுபடி அதே கட்டிலுக்கு வந்தேன், இந்த முறை இன்னும் மோசம். சுற்றி நின்றவர்களின் குரல் தூரத்திலிருந்து கேட்டது. எனக்குச் சாகப் பயமாக இருந்தது.

என்னைக் காப்பாற்றியது மச்சாளின் வாய். பார்வையாளர் நேரத்தில் சாப்பாட்டுக் கரியரோடு வந்தவள், நான் கண் திறக்காததைக் கண்டு பயந்திருக்கவேண்டும். பயம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வரும்.

“எழும்படி! இந்தியாவில மாத்திரை போட்டு முகம் பூசணிக்காயாட்டம் ஊதிக்கொண்டு திரிஞ்சவளாம், இஞ்ச வந்து வேலையெண்டவுடன சாகிறியோ?”

எங்களோடு அதே முகாமில் இருந்த ஒருத்தி மீன் வாங்க வந்த இடத்தில் அவளிடம் சொல்லியிருக்கிறாள். பக்கத்துக் கட்டிலில் நின்ற டாக்டர் திரும்பினார்.

“என்ன மாத்திரை அம்மா?”

“எனக்கென்ன தெரியும்? வருசக்கணக்கா முழுங்கினவளாம். உவனிட்டக் கேளுங்கோ.”

டாக்டர் கணவரைப் பார்த்தார். அவர் நிலத்தைப் பார்த்தார். வாசல் கதிரையில் அன்றைக்குப் பொலிஸ்காரர் இல்லை. ஆனாலும் அவர் டாக்டரை வெளியே கூட்டிக்கொண்டுபோய்த்தான் சொன்னாராம். கொஞ்ச நேரத்தில் ஊசி போட்டார்கள். அது மத்தியானம். பின்னேரம் எனக்குப் பசித்தது, மச்சாள் கொண்டுவந்த ஆறிய சோற்றை எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். மச்சாள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டாக்டர் கட்டில் ஓரத்தில் இருந்து எனக்கு விளங்கப்படுத்தினார். இரண்டு சிறுநீரகத்துக்கும் மேலே தொப்பி வைத்ததுபோல இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றனவாம். காய்ச்சல் வந்தால், பட்டினி கிடந்தால், அடிபட்டால், பயந்தால், உடம்பைத் தாங்கிப் பிடிப்பது அவை சுரக்கிற சாறுதானாம். நான் விழுங்கிய வெள்ளை மாத்திரை அந்தச் சாற்றைப் போலவே ஒன்று.

“வெளியில இருந்து வருசக்கணக்கா வந்துகொண்டிருந்தா, உடம்பு தான் செய்யிறதை நிப்பாட்டிரும். நீங்க மாத்திரையை ஒரே நாளில விட்டதும் உள்ளுக்கும் இல்ல, வெளியிலயும் இல்ல. அதுதான் இப்பிடி.”

“அப்ப அது திரும்ப வேலை செய்யாதோ டொக்டர்?”

“செய்யலாம். காலம் எடுக்கும். செய்யாமலும் விடலாம். அதுவரைக்கும் மாத்திரைதான். ஒரு நாளும் நிப்பாட்டக் கூடாது.”

பயத்தைத் தாங்குவதற்கென்றே உடம்பில் ஒரு உறுப்பு இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வள்ளத்தில் ஏறிய காலத்தில் என்னுடையது நன்றாக வேலை செய்திருக்கவேண்டும். மச்சாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப உன்ர உடம்பும் ரேசனில இருந்து பழகிட்டுது” என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கரியரைத் தூக்கி எறிந்திருப்பேன். டாக்டர் இவ்வளவு நேரம் சொன்னதை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள் என்பதுதான் இன்னும் எரிச்சல்.

மாத்திரையோடு வாழ்வது அப்படித் தொடங்கியது. காலையில் கண் விழித்ததும் ஒன்று, மத்தியானம் அரை. விழுங்கிய பிறகும் அரை மணித்தியாலம் படுத்துக் கிடந்தால்தான் கால் என்னுடையது ஆகும். அதற்கிடையில் மச்சாள் வீடு கூட்டி, தண்ணீர் அள்ளி, கருவாட்டுப் பாயையும் வெயிலில் விரித்திருப்பாள். நான் எழுந்து வரும்போது ஒன்றும் சொல்லாமல் பார்ப்பாள், அந்தப் பார்வைக்குப் பேச்சே மேல். காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும். பல் பிடுங்கினாலும் அப்படி. செத்த வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்த நாளில் சுருண்டு விழுந்து, அதற்கும் கூட வேண்டும்போல என்று தெரிந்துகொண்டேன். பெரிய வெள்ளிக்கு ஒருசந்தி பிடித்துப் பட்டினி கிடக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதைப் போய்ப் பங்குச் சுவாமியிடம் சொன்னபோது, அவர் சுகமாகச் “சாப்பிடுங்கோ பிள்ளை” என்றார். கோயில் முற்றத்தில் நின்ற பெண்கள்தான் சாப்பிட விடவில்லை. நோயாளி என்றால் மெலிந்து கிடக்கவேண்டும். எழுந்து நடக்கிறவள், சிரிக்கிறவள், திடீரென்று ஒருநாள் ஏலாது என்றால் அது சாட்டு.

ஆனால் என்னை அலைக்கழித்தது அவர்கள் இல்லை, கணவர்தான். அவருக்கு இந்த மாத்திரையைக் கண்ணில் காட்டக் கூடாது. “உன்னைக் கெடுத்ததே இந்தச் சாமான்தானே, பிறகேன் அதையே தாறாங்கள்?” என்று கிளினிக் போய்வருகிற ஒவ்வொரு முறையும் கேட்பார். கெடுத்ததும் அதுதான், இப்போது நிறுத்தினால் கொல்லப்போவதும் அந்த நிறுத்தல்தான் என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன். வீட்டுக்கு யாராவது வந்தால் மாத்திரைப் பையை எடுத்து அலுமாரியில் சேலைகளுக்குப் பின்னால் வைப்பார். ஊர் விதானையார் வந்தாலும் அப்படித்தான், விசாரிக்க வருகிறவர்கள் வந்தாலும் அப்படித்தான். திரும்பி வந்தவர்கள் வீட்டுக்கு அந்தக் காலத்தில் ஆமிப் பக்கத்திலிருந்து விசாரிக்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். என்ன கேட்டாலும் அவர் சொல்கிற முதல் பதில் “ஒண்டும் இல்லை.” சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட அதுதான் வருமோ என்று நான் நினைப்பதுண்டு.

அந்த “ஒண்டும் இல்லை” என்னைக் கொல்லப் பார்த்தது. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. அவருடைய கூட்டாளியின் கதை தெரிந்ததால் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

அடுத்த ஆவணி வந்தது. மச்சாள் மடுவுக்குப் போகக் கொட்டில் சாமான் கட்டத் தொடங்கினாள்.

“பிள்ளைக்கெண்டு வச்ச நேர்த்தியெல்லோ மச்சாள், அதுதான் இல்லையெண்டு ஆச்சே” என்றேன்.

“மாதாவிட்ட வாய்விட்டுச் சொன்னதைத் திருப்பி எடுக்கேலாது. பிள்ளை இல்லாட்டி என்ன, நீ கிடக்கிறாய்தானே.”

அவள் என்னைப்பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அதையும் பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

டாக்டர் மடுவுக்குப் போகலாம் என்றார். ஆனால் சத்தி வந்து மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் ஊசிதான் போடவேண்டும், தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி, மருந்துத் தூள் அடைத்த சின்னக் கண்ணாடிப் போத்தல் இரண்டும், அதைக் கரைக்கும் தண்ணீரும், சிரிஞ்சும், விவரம் எழுதிய துண்டும் தந்தார். எந்தத் தாதியும் போட்டுவிடுவார் என்றார். புறப்படுகிற காலையில் கணவர் என் பையைப் பார்த்துவிட்டார்.

“இதையுமோ கொண்டுபோகப் போறாய்? மடுச் சந்தியில ஆமி நிக்கிறான், தெரியுமெல்லோ?”

“மருந்துதானே.”

“மருந்தோ? சிரிஞ்சு. ஊசி. கண்ணாடிக் குப்பிக்குள்ள வெள்ளைத் தூள். அவன் அதைப் பாத்து என்ன நினைப்பான்? உனக்கு விளங்கேல்லையோ?”

எனக்கு விளங்கியது. கழுத்தில் நஞ்சுக் குப்பி கட்டித் திரிந்தவர்களின் காலம் போய் எத்தனை நாள்? துண்டு இருக்கிறது, டாக்டர் கையெழுத்து இருக்கிறது என்றேன். துண்டு இங்கிலீஷில் இருக்கிறது என்றார். வாசலில் வான் வந்து கோண் அடித்துக்கொண்டிருந்தது. அவர் எல்லாவற்றையும் எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை மடியில் செருகினார். மாத்திரை மட்டும் என்னோடு வந்தது. வழி முழுக்க நான் அவரோடு பேசவில்லை. மச்சாள் கடைசியாக வந்து ஏறி, மடியில் பால்மா டின்னை வைத்துக்கொண்டு செபமாலை சொல்லத் தொடங்கினாள்.

மடுச் சந்தியில் வானைக் கையைக் காட்டி விட்டுவிட்டார்கள்.

காட்டுக்குள் மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டு, இரண்டு நாள் சந்தோசமாகவே இருந்தோம். எத்தனையோ வருடம் கழித்துப் பார்க்கிற சொந்தங்கள், நின்றவர்களும் போனவர்களும் ஒரே அடுப்பில் சமைத்தோம். மூன்றாம் நாள் விடிய எனக்கு வயிற்றோட்டம். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, அங்கே பலருக்கும் அப்படித்தான். மற்றவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பூசைக்குப் போனார்கள். நான் இரட்டிப்பு மாத்திரை விழுங்கினேன், சத்தி எடுத்தேன். மறுபடி விழுங்கினேன், மறுபடியும் சத்தி. முற்பகல் ஆகும்போது பாயிலிருந்து கையைத் தூக்க முடியவில்லை. ஒலிபெருக்கியில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது, அது தேய்ந்து தேய்ந்து கேட்டது. அந்தக் கட்டில், அந்தத் தூரத்துக் குரல்கள், எல்லாம் ஞாபகம் வந்தது. இந்த முறை எனக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தது. அது பயத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

கணவர் முதலுதவிக் கொட்டிலுக்கு ஓடினார். ஒரு தாதியோடு திரும்பி வந்தார். அந்த ஊசி மருந்து தங்களிடம் இல்லை, அம்புலன்ஸ் வேறொரு ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது, வந்ததும் அனுப்பலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். பாதை முழுக்க பஸ். அவர் என் கால்மாட்டில் நின்றார்.

“அலுமாரிக்குள்ள கிடக்கு,” என்றார். “அலுமாரிக்குள்ள பூட்டி வச்சிட்டு வந்திட்டன்.”

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மச்சாள் அவரைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தாள். பால்மா டின்னைத் திறந்து, கையை மணிக்கட்டு வரை விட்டுத் துழாவி, பொலித்தீனில் சுற்றிய ஒரு பொதியை வெளியே எடுத்துச் சேலையில் துடைத்தாள். இரண்டு போத்தலும் சிரிஞ்சும் அதில் இருந்தன.

“அலுமாரி என்ர. ஒரு திறப்புத்தான் இருக்கெண்டு நினைச்சியோ?” என்றாள் தம்பியைப் பார்த்து. “சண்டைக்குள்ள பற்றரியும் மருந்தும் நான் இதுக்குள்ளதான் கொண்டுவந்தனான். நீ கொண்டுபோக மாட்டாயெண்டு எனக்குத் தெரியும்.”

தாதி மருந்தைக் கரைத்துத் தொடையில் போட்டாள். மச்சாள் என் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். அவள் கையில் பால்மா மணத்தது. “சோம்பேறி,” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே என் நெற்றியைத் தடவினாள். அம்புலன்ஸ் வந்தபோது நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு நாள் வைத்திருந்துதான் விட்டார்கள்.

திருநாள் முடிந்து திரும்பும்போது வான் கிடைக்கவில்லை, பஸ்ஸில் வந்தோம். சந்தியில் இந்த முறை எல்லாரையும் இறக்கி, பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன காரணமோ தெரியாது. மச்சாள் மிச்சம் இருந்த ஒரு போத்தலையும் சிரிஞ்சையும் எடுத்து மறுபடி டின்னுக்குள் அமுக்கப் போனாள்.

“அக்கா, அதைத் தாங்கோ,” என்றார் கணவர்.

“என்னத்துக்கு?”

“தாங்கோ.”

வாங்கி, உள்ளே இருப்பது தெரிகிற பொலித்தீன் பையில் போட்டு, கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். இவ்வளவு நாளும் ஒளிக்காதே ஒளிக்காதே என்று சண்டை பிடித்த நான்தான் அப்போது பதறினேன். “வேண்டாமப்பா, டின்னுக்குள்ளயே போடுங்கோ,” என்று அவர் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் திரும்பவில்லை. அவர் பின்கழுத்தில் வியர்வை வடிந்துகொண்டிருந்தது.

ஆமிக்காரப் பெடியனுக்கு இருபது வயது இருக்கும். பையைப் பார்த்ததும் மற்றப் பைகளை விட்டுவிட்டு அதைக் கையால் காட்டினான்.

“மொனவாத மே?”

இவை என்ன என்று கேட்கிறான். கணவருக்கு மீன் வியாபாரத்தில் பழகிய சிங்களம் கொஞ்சம் தெரியும். தொண்டையைச் செருமினார்.

“பெஹெத். மகே நோனாகே பெஹெத்.”

மருந்து. என்ர மனிசியின்ர மருந்து. வாட்டில் டாக்டர் தமிழில் கேட்டபோது வராத சொல், இங்கே துவக்குக்கு முன்னால், தெரியாத பாஷையில் வந்தது. பெடியன் என்னைப் பார்த்தான். என்ன வருத்தம் என்று கேட்டான். அதைச் சொல்லும் அளவுக்கு இவரிடம் சிங்களம் இல்லை. சுற்றிப் பார்த்தார், உதவிக்கு ஒருவரும் இல்லை, தமிழிலேயே சொன்னார்:

“பயம் வந்தால் உடம்பு தாங்காது. அந்த வருத்தம்.”

அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. தலையை ஆட்டினான், பையைத் தொடாமலே போகச் சொல்லிக் கை காட்டினான்.

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு நடுக்கம் தொடங்கியது. நான் அவர் கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. முன்சீற்றில் இருந்த மச்சாள் திரும்பிப் பார்த்துவிட்டு, அதிசயமாக ஒன்றும் சொல்லாமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இனி எங்க கேட்டாலும் இப்பிடிச் சொல்லுவீங்களோ?” என்று கேட்டேன்.

“தெரியாது,” என்றார்.

மன்னார்ப் பாலம் தாண்டி பஸ் தீவுக்குள் வந்தபோதும் அந்தப் பை அவர் மடியிலேயே இருந்தது. தாருங்கள், நான் வைத்திருக்கிறேன் என்று கேட்டேன். அவர் தரவில்லை.